அறுபது கன அடி

எழுபதடிப் படகில் எங்களுக்கு ஒதுக்கியது
மூக்கு.
இரண்டு பக்கப் பலகையும் நெருங்கி நெருங்கி வந்து
கடைசியில் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் இடத்தில்
மெர்சியின் பாதங்கள்.
ஆறு வயதுக்காரிக்குத்தான் அங்கே கால் நுழையும்.
வலப்பக்கப் பெட்டிமேல் ஏனோக், இடப்பக்கம் நான்.
நடுவில் ஒருவர் நிற்கலாம்,
அதுவும் மற்ற இருவரும் படுத்திருந்தால்.

பின்னறையில் அம்மாவுக்குப் பித்தளைக் குமிழ்கள் உண்டு,
விளிம்பில் பூ வெட்டிய தட்டுகள் உண்டு,
கேக் வேகும் அடுப்பே உண்டு.
எங்கள் கதவில் ஒரு கோட்டை வரைந்திருக்கிறது,
வாசல் இல்லாத கோட்டை.
பேசிய கூலி அந்த இடத்தில் தீர்ந்ததென்று
பெயிண்டர் தூரிகையைக் கழுவிவிட்டான்.

எங்கள் அடுப்பு சீசா மாதிரி,
தொந்தி பருத்து, கழுத்து சிறுத்து.
கெட்டில் உட்காரும். சட்டி உட்காராது.
எரிந்தால் முட்டி பொசுங்கும்,
முதுகுக்குச் செய்தி போகாது.
முனையில் ஆணித் தலைகள்
ஜனவரி முழுக்க வெள்ளைத் தொப்பி போட்டிருக்கும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் இருபத்தைந்து டன் நிலக்கரி,
யாரோ ஒருவருடைய காகித ஆலைக்கு.
கைக்கெட்டியது அடுப்புக்கெட்டாது.
எட்டும்,
ஏனோக்கின் சட்டைக்குள், முட்டை அளவில்,
அப்பா பார்க்காதபோது.

புகைதான் எங்கள் பேச்சு.
சுக்கான் பிடித்துக் கடைக்கோடியில் நிற்பார் அப்பா.
எங்கள் குழாயில் புகை கிளம்பினால்
பிள்ளைகள் எழுந்துவிட்டன என்று அர்த்தம்.
தாழ்ந்த பாலம் வந்து குழாயைக் கழற்றி வைத்தால்
பாலம் முடியும்வரை நாங்கள் ஊமை.

பிரான்ஸ்டன் துறையில் இன்ஸ்பெக்டர் ஹாலம் ஏறினார்.
நாடாவை இழுத்து நீளம், அகலம், உயரம்.
வளைவு வந்த இடத்தில் பென்சிலைக் கடித்தார்.
பன்னிரண்டைத் தொட்டால் தலைக்கு அறுபது கன அடி,
தொடாவிட்டால் நாற்பது.
"மூத்தவளுக்கு என்ன வயசு?"
"பதினொன்று," என்றாள் அம்மா.
"போன வருஷமும் அதுதானே?"
"திர்சா மெதுவாக வளர்கிறவள், ஐயா."
நான் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன்,
நாற்பதுக்குள் அடங்க.

கூரையின் காற்றுத்துளையில் ஏனோக்கின் காலுறை.
அதை உருவி என் மடியில் போட்டார்.
"மூக்கு என்றால் துளை இருக்கணும்."
சொன்னது என்னிடம், அம்மாவிடம் அல்ல.
அவர் தொப்பி பாலத்தைத் தாண்டுமுன்
காலுறை மறுபடி ஏறிவிட்டது.

அன்றிரவு கால்வாய் உறைந்தது.
ஏனோக் அடுப்பின் கழுத்துவரை கரி கொட்டினான்.
குளிரவில்லை.
பிறந்ததிலிருந்து முதல்தடவையாக முதுகும் குளிரவில்லை.
அதுதான் என்னை எழுப்பியிருக்க வேண்டும்.
தலைக்குள் யாரோ முளை அடித்துக்கொண்டிருந்தார்கள்.
மெர்சி என்றேன்.
மெர்சி.
காலைப் பிடித்து இழுத்தேன், ஈரத்துணி போல வந்தாள்.
கூரைப் பலகை பனியில் ஒட்டிப்போயிருந்தது.
தோளால் இடித்தேன், இன்னொரு தரம், இன்னொரு தரம்,
நட்சத்திரமெல்லாம் ஒரேயடியாக உள்ளே விழுந்தன.
ஏனோக் இருமினான்.
மெர்சி வாந்தி எடுத்தாள், என்மேல்.
அவ்வளவு நல்ல சூட்டை எந்த அடுப்பும் தந்ததில்லை.
காலுறையைப் பிடுங்கி எறிந்தேன்.
கால்வாய்ப் பனிமேல் செத்த தவளை போலக் கிடந்தது.

விடிந்ததும் அப்பா மேற்பலகையில் நடந்துவந்து தட்டினார்,
புகையைக் காணோமே என்று.
மூட்டினேன்.
கேட்டது அவ்வளவுதான், சொன்னதும் அவ்வளவுதான்.

அடுத்த ஜனவரி. அதே துறை, அதே நாடா.
"பதினொன்று," என்றாள் அம்மா.
"பதின்மூன்று," என்றேன் நான்.
ஹாலம் பெருக்கினார், கூட்டினார்.
எப்படிப் போட்டாலும் கணக்கு மூக்குக்குள் அடங்கவில்லை.
நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.
துளையில் காசளவு வானம்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
பிறகு பென்சிலை நாக்கில் நனைத்து
பதினொன்று என்று எழுதிக்கொண்டார்.

ஏனோக்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்,
ஒற்றைக் காலுறையை வைத்துத்
தான் என்ன செய்வதென்று.