காசிமேடு, விடிகாலை நாலரை

முதல் இழுப்புக்குத்தான் பெட்டி முரண்டு பிடிக்கும்.
நகர்ந்துவிட்டால் கொஞ்சம் இளகிக் கொடுக்கும்.

அறுபது கிலோ சங்கரா, மேலே ஐஸ்.
படுக்கப் போட்டால் லேசா வருமா,
நிமிர்த்தி வைத்தாலா என்று
பந்தயம் கட்டினான் ஏலக்காரன் மருமகன்.
ரெண்டும் ஒண்ணுதான் என்றாள் பவுலினா
கொக்கியை மாட்டிக்கொண்டே.
கனம் கொறயல, தரை மாறல.

எட்டடி தள்ளி மாறியது தரை:
செதில், உருகின ஐஸ்,
எவனோ சிந்திய டீசல்.
பெட்டி தானாய் ஓடி வந்தது.
அவள் செருப்பு
அதைவிட வேகமாய்.

விழவில்லை.
தூணைப் பிடித்து நின்று திட்டினாள்,
அடி தேய்ந்து கண்ணாடியாகிவிட்ட செருப்பை.

மறுநாள்
மடியில் ரெண்டு பிடி கடல்மணல்.
பெட்டி போகும் தடத்தில் தூவவில்லை;
கால் ஊன்றும் ஓரத்தில் மட்டும்.