பால்கனியில் பானை

வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன் என்றாள் மிர்கா,
லியோனுக்கு வெளியே ஏதோ பெட்ரோல் பங்கிலிருந்து.
பின்னால் லாரி உறுமிக்கொண்டிருந்தது.
நான் செவ்வாயன்றே கோஸைப் பிழிய ஆரம்பித்துவிட்டேன்.

பிகோஸ் ஒருநாள் சமையல் இல்லை.
வேகும், ஆறும், மறுபடி வேகும்.
ஆக்கப் பொறுத்தவனை ஆறவும் பொறுக்கச் சொல்லி,
ஆறிய பிறகு
திரும்ப அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லும்.

வாளியில் புளித்த முட்டைக்கோஸ் ஒரு கிலோ.
புதுக்கோஸ் பாதித் தலை.
பன்றியின் தோள்கறி தோலோடா, தோலில்லாமலா என்றாள்
கசாப்புக்கடைப் பெண்.
தெரியாது என்றேன்.
முதல் தடவையா?
வயது நாற்பத்தாறு,
தோருன் நகரத்து டிராம்களுக்கு பிரேக் கழற்றி மாட்டுகிறவன்,
நகக்கண்ணில் கிரீஸ் போகவே போகாது,
ஆமாம், முதல் தடவை.
அவளாகவே சாசேஜில் ஒரு முழம் அளந்து வெட்டி
புகைவாசம் கசியாமல் தாளில் சுருட்டித் தந்தாள்.

கொழுப்பு முதலில் முனகியது.
பிறகு கத்தியது.
கறி சிவந்தது.
வில்லை வில்லையாய் நறுக்கிய சாசேஜ்
ஓரம் சுருண்டு குட்டிக் கிண்ணங்களாகி
தன் நெய்யைத் தானே ஏந்திக்கொண்டது.

நூலில் கோத்துத் தொங்கிய காளான்
செப்டம்பரில் மிர்கா துஹோலா காட்டில் பறித்தது.
ஊறவைத்த தண்ணீர் கடுந்தேநீர் நிறம்.
அழுக்கென்று நினைத்துத் தொட்டியில் கொட்டிவிட்டேன்.
கொட்டக்கூடாது என்பது
புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருந்தது.

ஃபிரிட்ஜில் பானை நுழையவில்லை.
பால்கனியில் வைத்தேன். மைனஸ் எட்டு.
காலையில் கொழுப்பு வெள்ளையாய் உறைந்து
மூடிமேல் பனி, பனிமேல் ஒரு மாக்பையின் காலடி.
அது எவ்வளவு நேரம் யோசித்ததோ,
இரண்டு சுற்று சுற்றியிருந்தது.

புதன்கிழமை உலர்ந்த பிளம்ஸ், ஒரு கோப்பை ஒயின்,
பிரிஞ்சி இலை, ஜூனிப்பர் எட்டு மணி.
வியாழக்கிழமை எதுவும் போடவில்லை.
சும்மா கிளறினேன்.
கோஸ் எது, கறி எது என்ற தகராறு
அன்றைக்குத்தான் ஓய்ந்தது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.
ஆகனுக்கு அப்பால் சாலையெல்லாம் பனிக்கட்டி,
வண்டிகள் வரிசையாய் நிற்கின்றன,
இன்னும் இரண்டு நாள் ஆகும்.
பரவாயில்லை, பார்த்து வா என்றேன்.
கழுவிய கரண்டியையே
இன்னொரு தடவை கழுவினேன்.

சனிக்கிழமை நாலாம் கொதி.
வாசம் மாடிப்படி வழியாக இறங்கியிருக்க வேண்டும்.
கீழ்வீட்டு ஹிலாரியுஷ் கதவைத் தட்டி
ஐந்து நாளாக இந்த நாற்றம் என்று ஆரம்பித்தான்.
முதுகுக்குப் பின்னால்
கிண்ணம் வைத்திருந்தான்.
அவனுக்கு ஊற்றினால் அவன் மகளுக்கு,
மகளுக்கு என்றால் மூன்றாம் மாடி நர்ஸுக்கு.
"உங்க பொண்டாட்டிக்கு வைங்க" என்றபடி
மறு கரண்டிக்கும் கிண்ணத்தை நீட்டினார்கள்.

ஞாயிறு போய்
திங்கள் விடியாத இரண்டு மணிக்குச் சாவி திரும்பியது.
மிர்கா கோட்டைக் கழற்றவில்லை.
அடியில் நாலு கரண்டிதான் மிச்சம்,
மண்ணைப்போல் கறுத்து, மண்ணைப்போல் கனத்து.
சூடுபண்ணுகிறேன் என்பதற்குள்
ரொட்டியின் முனையைப் பிய்த்துப் பானைக்குள் விட்டாள்.

மென்றாள்.
கண்ணை மூடினாள்.
நான் ஐந்து நாளாய்க் காத்திருந்தது இந்த இடத்துக்குத்தான்.

"காளான் தண்ணியைக் கொட்டிட்டே."

இல்லை என்றேன்.
அவள் மறுபடி ரொட்டியை விட்டு
அடிப்பிடித்ததைச் சுரண்டினாள்.
ஒரே ஒரு சாசேஜ் வில்லை அகப்பட்டது.
வாய்வரை கொண்டுபோனவள்
பல்லால் பாதி கடித்து
மீதியை என் பக்கம் நீட்டினாள்,
"பொய்யனுக்கு" என்று.

பூட்ஸிலிருந்து உருகிய பனி
சமையலறைத் தரையெல்லாம்.