உப்பில் வளர்வது

மூன்றாவது தடவையாகப் பஞ்சுக் குச்சி.
வலது நாசி, இடது நாசி, ஐந்தைந்து சுற்று.
தும்மலை அடக்கியதில் கண் கலங்க,
"அழாதீங்க சிஸ்டர்" என்கிறாள் லேப் பூங்கோதை.
அழவில்லை.

காய்ச்சல் இல்லை, புண் இல்லை,
நோயே இல்லை என்கிறார் டாக்டர்.
குடியிருக்கிறது, அவ்வளவுதான்.
கையில் ஒரு தாள்:
மருந்துகளின் பெயர்களுக்கு நேரே
கேட்காது, கேட்காது, கேட்காது.

பச்சைப்பிள்ளை வார்டிலிருந்து
பதிவேட்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள்.
ஒரு கிலோ இருநூறில் பிறந்த பிள்ளைக்கு
இப்போது யார் பாலாடை பிடிக்கிறார்களோ.
என் தண்ணீர் பாட்டிலை யாரோ
ஜன்னலோரம் நகர்த்தியிருந்தார்கள்,
மரியாதையாக, மூடியை இறுக்கி.

ஐந்து நாள் களிம்பு, காலையும் மாலையும்.
ஐந்து நாள் ரோஸ் நிற மருந்தில் தலையோடு குளியல்.
துவாலை, தலையணை உறை, தினமும் வெந்நீரில்.
தண்ணீர் என்று குறிப்பில் எழுதுவது எளிது.
வாலிநோக்கத்தில் நல்ல தண்ணீர்
குடம் பதினைந்து ரூபாய்.
கிணற்று நீரில் சோப்பு திரிந்துபோகும்.
உப்பளத்தில் மூட்டைக்கணக்கு எழுதுகிற சீனி அகமது
குடங்களை எண்ணினார்,
ஒன்றும் சொல்லவில்லை.

ஒளுவில் மூன்று கை நீரை
மூக்கிலேற்றிச் சிந்துகிற வழக்கம்
ஏழு வயதிலிருந்து, நாளுக்கு ஐந்து வேளை.
அந்த வாசலில்தான் இது தங்கியிருக்கிறது.
நினைத்தால் சிரிப்பு வருகிறது,
ஒரு மாதிரி வெட்கமும்.

பூங்கோதை ஒருநாள் தட்டைக் காட்டினாள்.
உப்பு கூடிய தட்டு; மற்றவை பிழைக்காதாம்,
இது மட்டும் வளர்ந்து
இளஞ்சிவப்பை மஞ்சளாக்குமாம்.
சித்திரையில் எங்கள் பாத்திகளும் சிவக்கும்.
உப்பில் பிழைக்கிறது என்றால்
எங்கள் ஊர்க்காரனாகத்தான் இருப்பான் என்றேன்.
அவள் மாஸ்க்குக்குள் சிரித்தாள்.

இந்த முறை வீட்டில் எல்லோருக்கும் குச்சி.
சீனி அகமதுக்கு இல்லை. மாமிக்கு இல்லை.
ஆதிலுக்கு இருக்கிறது.
மூன்றாம் வகுப்பு.
மூக்கு நோண்டுகிற கை,
தூக்கத்தில் என் கழுத்தில் வந்து கிடக்கிற கை.
யாரிடமிருந்து யாருக்கு?
தட்டில் அது தெரியாதாம்.

நாளைக் காலை இருவருக்கும் தொடங்குகிறது.
கசக்குமா என்று கேட்டான்.
மூக்குக்கு ருசி தெரியாது என்றேன்.
இன்றிலிருந்து தனிப் பாய் என்று
ஒரு முழம் தள்ளி விரித்தேன்.
தலையணையைத் தானே எடுத்துப்போய்ப் படுத்து,
அஞ்சு நாள்தானேம்மா என்றான்,
முதல் தடவை
நான் சொன்ன அதே குரலில்.