தரை இருக்கோ

புறக்கோட்டை நாட்டாமி ஒருவன்,
முதுகில் வெங்காய மூட்டை,
தகரக் கூரை விட்டுத் தகரக் கூரை
தாவவேண்டும்.
இவ்வளவுதான் எங்கள் விளையாட்டு.
கீறியது ரிஃப்கா, தெமட்டகொடையில்.
ஓடவைப்பது நான், வெள்ளவத்தையில்,
கரையோர ரயில் போகும்போதெல்லாம் நடுங்கும்
நாலாம் மாடி மேசையில்.

அவன் தாவினான்.
காற்றில் நின்று மறுபடி தாவினான்.
காற்றையே படியாக்கி மறுபடியும்.
தாமரைக் கோபுரத்தின் மொட்டையும் தாண்டி
ரிஃப்கா நிறம் பூசாத சாம்பலுக்குள்
மூட்டையோடு போய்விட்டான்.

அவன் நெஞ்சிலிருந்து ஒரு கதிர்
கீழே போகிறது.
'தரை இருக்கோ?' என்று கேட்பது மட்டுமே
அதற்கு வேலை.
இருக்கு, இருக்கு, இருக்கு என்று
நொடிக்கு அறுபது தரம்
யாரோ பதில் சொல்கிறார்கள்.

யார் என்று
பெயரை அச்சிடச் சொன்னேன்.
திரையின் அடியில் ஓடியது:
நாட்டாமி. நாட்டாமி. நாட்டாமி.

தன் வயிற்றையே தொட்டுவிட்டு
மண் என்றிருக்கிறது கதிர்.
கொலைடர் என்று தமிழில் எழுதினால்
கொலை முந்திக்கொண்டு வருவது
சும்மா இல்லை.

கூரைகளுக்கு எட்டாம் லேயர் கொடுத்தேன்.
அதை மட்டும் பார் என்று கதிருக்கு
எட்டு என்று எழுதினேன்.
எட்டவில்லை.
இப்போது அவன் தாவவே மாட்டேன் என்கிறான்.
நின்ற இடத்தில் மூச்சு வாங்குகிறான்
(மூச்சுக்கு மட்டும் ஆறு படம் கீறியிருந்தாள்).
காலி வீதியில் கொத்துத் தட்டும் சத்தம்
ஓய்ந்த பிறகுதான் உறைத்தது,
இந்த இயந்திரத்துக்கு எட்டென்றால் மூன்றாம் லேயர்.
ஒன்றை எடுத்து
எட்டு இடம் தள்ளவேண்டும்,
நூறாம் இலக்க பஸ்ஸில்
'இஸ்ஸரஹாட்ட யன்ன' என்று
கண்டக்டர் நம்மைத் தள்ளுகிற மாதிரி.

தள்ளினேன்.
தாவினான், இறங்கினான், தகரம் அதிர்ந்தது.
அது ரிஃப்காவின் தம்பி
குசினித் தாச்சியில் தட்டிப் பதிந்த சத்தம்.

லிஃப்ட் வேலைசெய்யவில்லை.
பிளேன்டீக்கு இருட்டில் இறங்கும்போது
இரண்டாம் மாடிப் படியோரத்தில்
குதிகால் மட்டும் பட்டது.
விழவில்லை. அப்படியே நின்றேன்.
இப்படி நின்றால் அவனுக்கு?
நடுவில் இறங்கும் கதிர்
சந்துக்குள் நேரே போய்விடும்,
நிற்கிறவனை
விழுகிறவன் என்று சொல்லும்.

தேத்தண்ணி குடிக்காமலே ஏறினேன்.
காலுக்கொன்றாய் இரண்டு கதிர்,
உள்ளங்காலுக்கு ஒரு நூல் மேலே தொடங்கி.
நாலரைக்கு அனுப்பிவைத்தேன்.

சுபஹுக்கு எழும்பியவள்
குரல் அனுப்பியிருந்தாள்,
கொட்டாவியோடு:
'நல்லா இறங்குறாரு இப்ப.
ஆனா அந்த மேல போன ஃபைலை அழிச்சிராதீங்க.
சாம்பலாக் கிடக்கிற இடத்துக்கு
நான் வானம் கீறித் தாரேன்.'