ஆறு ஓட்டை

ஒரு சொட்டு உள்ளே புகாது என்று
சத்தியம் செய்து விற்றார்கள்.
வாங்கிய மறுநாளே தரையில்
ஆறு ஓட்டை போட உட்கார்ந்தோம்
நானும் கார்லிஸும்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள் நாங்கள்.
காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை,
நடுவே ஆறு மணி நேரம் சும்மா.
அந்தச் சும்மாவில் முளைத்த யோசனை இது:
பதினாலடி நீளம், ஏழடி அகலம்,
ஒற்றை அச்சில் ஒரு சரக்கு டிரெய்லர்.
விலை இன்னும் மெர்லின் காதுக்குப் போகவில்லை.
மெர்ல் என் கணவர்.

முதலில் சக்கரம்.
ஏரிமேல் வீடு என்றால் அடிவயிறு ஐஸில் படிய வேண்டும்.
சக்கரத்தில் நின்றால் காற்று கீழே நுழைந்து
கணுக்காலைத் தின்றுவிடும்.
அச்சை அறுத்தோம், கீல் வைத்தோம், கம்பி கட்டினோம்.
கைப்பிடியைச் சுற்றச் சுற்ற
சக்கரங்கள் மேலேறி
பெட்டி மெல்லத் தாழ்ந்தது,
அடைக்கு உட்காரும் கோழியைப் போல.
கார்லிஸ் ஏழு தடவை ஏற்றி இறக்கினாள்.
ஐந்து தடவைக்கு அவசியமே இல்லை.

பிறகு ஓட்டை.
உள்ளே நின்று அளந்தோம். புத்திசாலிகள்.
பதினாறு அங்குலத்துக்கு ஓர் இரும்பு விலா
அடியில் ஓடுவதை
மூன்றாவது ஓட்டையில் வாள் சொன்னது,
நெருப்புப் பொறியாக.
நகர்த்தி வெட்டினோம்.
ஆக, ஆறு ஓட்டை, ஒரு தழும்பு,
தழும்பின் மேல் தகரம்,
தகரத்தின் மேல் கார்லிஸின் காபிக் கோப்பை.

சுவருக்கு நுரைப் பலகை, அதன்மேல் பைன்.
இரண்டு படுக்கை, ஓர் எரிவாயு அடுப்பு,
மணமில்லாமல் ஆளைக் கொல்லும் வாயுவுக்காக
கத்தத் தெரிந்த ஒரு சின்னப் பெட்டி.
அடுப்பைப் பற்றவைத்த முதல் நாள்
பசை வாசனை எழுந்தது,
மரத்துக்குள்ளிருந்து, எத்தனையோ வருடத்துப் பசை.

வெளியே எழுத்துகளைச் சுரண்டிவிட்டிருந்தோம்.
ஆனால் சுற்றியிருந்த பெயின்ட்டை வெயில் தின்று
எழுத்திருந்த இடத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது.
சாய்ந்த வெளிச்சத்தில் யாரும் வாசிக்கலாம்:
வாங்லர் & மகன்கள்
தரைவிரிப்பு
மதிப்பீடு இலவசம்

ஜனவரி. டெவில்ஸ் லேக் பதினெட்டு அங்குலம் இறுகியிருந்தது.
இழுத்துப் போய் இறக்கினோம், துளைத்தோம்,
ஓட்டைக்குள் ஓட்டை, அதற்குள் கறுப்புத் தண்ணீர்.
தூரத்தில் எங்கோ ஐஸ் விரிசல் விட்டு
ஏரி முழுக்க நீளமாய் உறுமியது.
கார்லிஸ் சீட்டுக் கலைப்பதை நிறுத்தவில்லை.

மாலை கதவு தட்டப்பட்டது.
ஐம்பது வயது, மீசையில் உறைபனி.
‘லின்டன் வாங்லர்’ என்றார்,
நாங்கள் எதையோ திருடியவர்கள் போல் எழுந்து நின்றோம்.
அவர் பூட்ஸைக் கழற்றினார்.
வேண்டாம், தரை ஈரம் என்றேன்.
‘அப்பா இதில் செருப்புக்காலோடு ஏறவிடமாட்டார்’
என்று சொல்லி
கம்பளிக் காலுறையோடு நின்று
ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

‘யார் வெட்டியது?’
‘நான்தான்.’
‘மூன்றாவது கோணல்.’
‘தெரியும்.’

அண்ணன் தம்பிகள் எங்கே என்று கார்லிஸ் கேட்டாள்.
‘நான் ஒருத்தன்தான்.
அந்தக் “கள்” அப்பா முன்கூட்டி எழுதிவைத்தது.’
சிரித்தார். நாங்கள் சிரிப்பதா வேண்டாமா என்றிருக்கும்போது
கோணல் ஓட்டையில் மணி அடித்தது.

மஞ்சள் பெர்ச், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது.
தரையில் துள்ளி எங்கும் தண்ணீர் தெறித்தது.
லின்டன் மீனைப் பார்க்கவில்லை;
குனிந்து கையுறையால்
தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சூப் குடித்தார். இருட்டிய பிறகு கிளம்பினார்.
வாசலில் பூட்ஸ் மாட்டும்போது கார்லிஸ்,
‘அந்த இலவச மதிப்பீடு இன்னும் உண்டா?’ என்றாள்.
அவர் தலையை மட்டும் உள்ளே நீட்டி
சுவருக்குச் சுவர் கண்ணால் ஓடினார்.

‘தொண்ணூற்றெட்டு சதுர அடி.
ஓட்டைக்குக் கழிவு கிடையாது.’