எட்டு வாசல்

ஃபிட்ஸ்ராய் ஆற்றில் ஜூலை மாதத் தண்ணீர்
முழங்காலைக் கடிக்கும்.
கோரி முக்குளித்து எழுந்தான்,
கையில் சாப்பாட்டுத் தட்டளவு ஓடு,
வெள்ளை வளையமிட்ட கண்.
"ரொம்ப நேரம் காத்திருந்தேன்,
மேலே வரவே இல்லை" என்றான்.
வராது.
இதற்கு மூக்கு ஒரு பேச்சுக்குத்தான்.

மல்லாத்தி மடியில் வைத்தேன்.
வாலடியில் ஒரு வாய்
திறந்தே கிடந்தது,
கலியாண வீட்டுக் கதவு போல.

படிவத்தில் அதன் பெயர் பொதுப்புழை.
பொது என்றால் பொதுவேதான்.
குடல் வந்து இறங்குவது முதல் அறை.
சிறுநீரும், பெட்டைக்கு முட்டையும்,
கடுவனுக்கு விந்தும்
வந்து சேர்வது நடு அறை.
கடைசி அறை வெறும் நடை,
தாண்டினால் உலகம்.
யார் முதலில் போவது என்று
உள்ளே ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

மனிதருக்கு ஒன்பது வாசல்,
இதற்கு எட்டு என்றேன்.
கோரி விரல் மடக்கி எண்ணினான்.
"தோல் மூடிய காதையும் சேர்க்கணுமா?"
சேர்த்துக்கொள் என்றேன்.
எனக்குப் பத்து என்பதை
அவனிடம் சொல்லவில்லை.

நடையின் இருபுறமும்
இரண்டு பைகள்.
உள்ளே பூந்துவாலை போல நெளியும் விரல்கள்,
விரல்தோறும் இரத்தம்.
ஆற்றை உள்ளே இழுக்கும்,
அதில் கரைந்த காற்றை எடுத்துக்கொள்ளும்,
ஆற்றை ஆற்றிடமே கொடுத்துவிடும்.
ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள்.
ஆறு புகுந்த ஆமை
பிழைத்துக்கொள்கிறது.

தொட்டியில் விட்டு எண்ணினேன்.
நிமிடத்துக்கு முப்பத்தெட்டு.
திரும்ப எடுத்தபோது
என் உள்ளங்கையில் சூடாக இல்லாமல்
குளிர்ந்த பச்சையாக
எதையோ போட்டுவிட்டது.
மூச்சு விட்ட அதே வழி.
நன்றி என்றான் கோரி, ஆமை சார்பில்.

தடுப்பணைக்கு மேலே தண்ணீர் தூங்குகிறது.
வண்டல் ஒரு போர்வை.
தூங்கும் தண்ணீரில் காற்று குறைவு.
அங்கே பார்த்த இரண்டும்
அடிக்கடி மேலே வந்து
மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன,
வெறும் ஆமைகளைப் போல.
அதையும் எழுதினேன்.
பென்சில் ஈரத்தில் சரியாக விழவில்லை.

வீட்டில் மெர்வ்.
நிலத்தடியில் முப்பத்தொரு வருடம்,
நிலக்கரி அவனிடமிருந்து
இன்னும் வெளியே வரவில்லை.
மூக்கில் இரண்டு குழாய்,
மூலையில் இயந்திரம்,
நிமிடத்துக்கு இரண்டு லிட்டர்.
ராத்திரி அதன் சத்தம் நின்றால்தான்
எனக்கு விழிப்பு வரும்.

"எத்தனை, டெஸ்லி?"
மூன்று.
"குண்டியாலா?"
குண்டியால்தான்.
ஒவ்வொரு தடவையும் சிரிப்பான்.
சிரித்தால் இருமல்,
இருமினால் குழாய் நழுவும்.
நழுவியதை மாட்டிக்கொண்டே சொன்னேன்:
நமக்கும் இருந்தது அது.
கருவில், கட்டைவிரல் நகமளவு இருக்கும்போது
எல்லோருக்கும் ஒரே வாசல்தான்.
ஏழாம் வாரம் வாக்கில்
நடுவே ஒரு சுவர் எழும்பி
பாகம் பிரித்துவிடும்,
இது உனக்கு, அது எனக்கு என்று.

மெர்வ் கொஞ்சநேரம் பேசவில்லை.
பேச அவன் காற்றைச் சேர்க்கவேண்டும்,
சில்லறை சேர்ப்பது போல.

"சுவர்," என்றான்,
"கட்டாம விட்டிருக்கலாம்."

சூப் ஆறிக்கொண்டிருந்தது.
என் நகக்கண்ணில் இன்னும் பச்சை.
தேய்த்தேன், போகவில்லை.
அவன் மார்பு ஏறி இறங்குவதை
பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்து
இருபத்தாறில்
நிறுத்திக்கொண்டேன்.