பசுமலை வரைக்கும்

முதல் தடவை பழங்காநத்தம் ரவுண்டானாவில் வந்தது.
பஸ் நிறைய ஆள். விரலிடுக்கில் மடித்த நோட்டுகள்.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாராம்,
காசுப்பையை மட்டும் விடவில்லையாம்.
வண்டியைப் பாதியில் நிறுத்தி
ஆட்டோ பிடித்த ஜெயசிங் அண்ணன் சொன்னார்.

பெரியாஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள்.
நீளத் தாளில் மேடும் பள்ளமுமாய்
ஒழுங்காக ஓடியது கோடு.
"ஒண்ணுமில்லம்மா, கூட்டிட்டுப் போங்க."
நான் வாசல் பிள்ளையாரைக் கும்பிட்டேன்.
என் வீட்டுக்காரர் ஒச்சப்பன்
அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
டிப்போவில் உட்கார்ந்து
குறைகிற சில்லறையைத் தேடுவது மாதிரி.

ஒண்ணுமில்லாதது
அந்த மாதம் நாலு முறை வந்தது.

பேச்சி அண்ணி பாண்டி கோயிலில் கயிறு கட்டிவிட்டாள்.
பக்கத்து போர்ஷன்காரர் குடியை விடச் சொன்னார்,
சோடாகூடக் குடிக்காத மனுஷனிடம்.
நான் சொன்னதையும் மறைக்க முடியாது:
"ஆம்பளைதானே, தைரியமா இருங்க.
ரெண்டு பிள்ளைக இருக்குல்ல?"
சரி சரி என்று தலையாட்டினார்.
ஆட்டிக்கொண்டே வேர்த்தார்.

நஸ்ரின் டாக்டர்தான் சொன்னார்,
மேலே கடகடக்கிற ஃபேனைத் தாண்டிக் குரலை உயர்த்தி:
"திருடன் யாரும் வரலம்மா. ஆனா நாய் குரைக்குது.
அடிச்சா இன்னும் குரைக்கும்.
மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.
வந்தா பக்கத்துல உட்காருங்க. புத்தி சொல்லாதீங்க."

புத்தி சொல்லாமல் என்னதான் பேசுவது?

ராத்திரி ரெண்டு மணி. பாத்ரூம் வாசல்.
ஈரத் தரையில் அவர்.
மூச்சு, படியில் தொங்கும் பையன்கள் மாதிரி
ஒன்றன்மேல் ஒன்றாய்.
"செத்துருவேன் செத்துருவேன்" என்கிறார்.
நானும் தரையில் உட்கார்ந்தேன். நைட்டி நனைந்தது.
வாயில் வந்ததைக் கேட்டேன்:
"திருமங்கலத்துல எடுத்தா அடுத்து என்ன ஸ்டாப்பு?"

என்னை முறைத்தார்.
ரொம்ப நேரம் கழித்து, "கப்பலூர்."
"அப்புறம்?"
"தனக்கன்குளம்... திருநகர்..."
விரல்கள் என் மணிக்கட்டில் டிக்கெட் கிழித்தன.
"பரங்குன்றம்ல கூட்டம் ஏறும். கார்த்திகைன்னா நிக்க இடமிருக்காது."
"சரி. ஏறட்டும்."
"மூலக்கரை."
"ம்."
"பசுமலை."
அங்கே மூச்சு கொஞ்சம் இறங்கிக்கொண்டது.

இப்படி எழுதினால் குணமாகிவிட்டார் என்று தோன்றும்.
இல்லை.
வேறொன்று இருக்கிறது, அதற்கு ரூட்டே கிடையாது.
சத்தம் போடாது, வேர்க்காது.
ஒன்பது நாள் சவரம் செய்யாமல்
சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.
தட்டில் வைத்த தோசை
காய்ந்து ஓரம் சுருண்டு கிடக்கும்.
மகள் மார்க் ஷீட்டை நீட்டினால்
யார் வீட்டுப் பிள்ளையோ என்பதுபோல் கையெழுத்துப் போடுவார்.

ஒருநாள் தோசைக் கரண்டியை விட்டெறிந்தேன்.
"எனக்கு யார் இருக்கா?"
அவர் திரும்பவில்லை.
மாடிக்குப் போய் தண்ணீர் டேங்க் பக்கத்தில் அழுதேன்.
அடுத்த முறை நஸ்ரின் டாக்டரிடம் போனபோது
ரெண்டாவது நாற்காலியில்
என்னைப் பற்றியும் பேசினேன்.

இப்போது லைன் வேலை இல்லை, டிப்போவில் உட்கார்ந்த வேலை.
மாத்திரை டப்பா டிவிமேல், எல்லோரும் பார்க்கிற இடத்தில்.
யாராவது கேட்டால் மகன் சொல்கிறான்,
"அப்பாவுக்கு", அவ்வளவுதான்.
கயிறும் கையில் இருக்கிறது. இருக்கட்டும்.

நேற்று மறுபடி வந்தது.
விளக்கைப் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
கப்பலூர். தனக்கன்குளம். திருநகர்.
பசுமலையில் நின்றுவிட்டார்.
பைக்காரா வரவில்லை, பழங்காநத்தம் வரவில்லை.
அதற்குமேல் வண்டி போகாது என்று கையைக் காட்டினார்.

"பரவால்ல," என்றேன்.
"நானும் இங்கயே இறங்கிக்கிறேன்."